ஜி.ஆர்.இ. மறுபடி எழுதலாமா? சென்னையிலிருந்து புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

கேள்வி (வேளச்சேரி, இப்போது டல்லாஸ்):

எல்லாருக்கும் வணக்கம். கணவரின் வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் வந்திருக்கிறேன். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ., இ.சி.இ. படித்தேன். அடுத்த ஆகஸ்டில் எம்.எஸ். டேட்டா சயின்ஸ் சேர எண்ணம். அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் குவாண்ட் (கணக்குப் பகுதி) 158, வெர்பல் (ஆங்கிலப் பகுதி) 153, கட்டுரை 3.5. பெரும்பாலான இடங்களில் விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 15. இப்போது செப்டம்பர் நடுப்பகுதி. மறுபடி எழுதுவது நல்லதா, இருப்பதை வைத்தே விண்ணப்பிக்கலாமா?

பதில் (அண்ணா நகர், இப்போது நியூ ஜெர்சி):

311 என்ற கூட்டுத்தொகையை முதலில் ஒதுக்கி வையுங்கள் சகோதரி. நம் ஊரில் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். சேர்க்கைக் குழுவோ இரண்டு பகுதியையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். இரண்டிலும் ஒரே எண் வந்தாலும் மதிப்பு வேறு. வெர்பலில் 160 வாங்கினால் எழுதியவர்களில் எண்பது விழுக்காட்டினருக்கு மேல் நிற்கிறீர்கள். குவாண்டில் அதே 160, வரிசையின் நடுப்பகுதிதான். பொறியியல் படித்த இந்திய, சீன மாணவர்கள் குவாண்டின் மேல்தட்டில் நெருக்கியடித்து நிற்பதுதான் காரணம். அந்தக் கணக்கில் உங்கள் 158 பாதிக்குக் கீழே வருகிறது. டேட்டா சயின்ஸ் துறை முதலில் பார்ப்பதும் அதைத்தான். உங்கள் 153 வெர்பல் அந்தப் படிப்புக்குப் பெரிய குறை இல்லை.

முடிவெடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, உங்கள் பட்டியலில் உள்ள துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கேட்கின்றனவா? பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தைப் பார்த்தால் போதாது, துறையின் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள். கட்டாயம், விருப்பம், அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று மூன்று வகை உண்டு. பட்டியலில் பாதிக்கு மேல் மூன்றாவது வகை என்றால் மறுதேர்வுக்குச் செலவிடும் வாரங்களை ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கைக்கு (எஸ்.ஓ.பி.) கொடுப்பது புத்திசாலித்தனம். விருப்பம் என்ற இடத்துக்கு 158ஐ அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. 165க்கு மேல் வந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.

இரண்டாவது, மாதிரித் தேர்வுகளில் என்ன வந்தது? ஜி.ஆர்.இ.யை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனத்தின் தளத்தில் பவர்பிரெப் என்ற மாதிரித் தேர்வு இரண்டு இலவசம். மேற்கொண்டு பணம் கட்டி வாங்கவும் சில உண்டு. நிஜத் தேர்வோடு ஒப்பிட நான் நம்புவது இவற்றை மட்டும்தான். மாதிரியில் 163, 164 வந்து தேர்வன்று 158 ஆனது என்றால் பாடம் தெரிந்திருக்கிறது, அன்றைக்கு எதுவோ தடுத்திருக்கிறது. அப்படியானால் மறுபடி எழுதுங்கள், நாலு வாரப் பயிற்சி போதும். மாதிரியிலும் 157, 158தான் என்றால் அதுதான் இப்போதைய நிலை. அதே புத்தகத்தை அதே மாதிரி இன்னொரு சுற்று படித்தால் இரண்டு மூன்று மதிப்பெண் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். அந்த அளவு ஆட்டம் படிக்காமல் எழுதினாலே வரும். படிக்கும் முறையை மாற்ற ஆறு முதல் எட்டு வாரம் தர முடிந்தால் மட்டும் இறங்குங்கள். ஒன்று கவனம்: ஒருமுறை போட்டுப் பார்த்த பவர்பிரெப்பை மறுபடி போட்டால் கேள்வி ஞாபகத்தில் இருக்கும், மதிப்பெண் ஊதிக் காட்டும். அதை நம்பித் தேதி வாங்காதீர்கள்.

மூன்றாவது, நாட்காட்டி. ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 21 நாள் இடைவெளி வேண்டும். தொடர்ச்சியான 12 மாதத்தில் 5 முறைதான் எழுதலாம். அதிகாரபூர்வ மதிப்பெண் உங்கள் இ.டி.எஸ். கணக்கில் ஏற 8 முதல் 10 நாள் ஆகும், அதன்பின் பல்கலைக்கழகம் அதைக் கோப்பில் சேர்க்க இன்னும் சில நாள். ஆகவே அக்டோபர் கடைசி வாரத்தில் தேதி வாங்குங்கள். அது சொதப்பினாலும் 21 நாள் கழித்து நவம்பர் மூன்றாம் வாரத்தில் இன்னொரு வாய்ப்பு மிஞ்சும். நவம்பர் கடைசியில் முதல் தேதி வாங்கினால் அந்த வழி அடைபட்டுவிடும். தேதியை மாற்ற நினைத்தால் தேர்வுக்கு 4 நாள் முன்பே மாற்றிவிடுங்கள், அதற்குப் பிறகு கட்டணம் போய்விடும்.

மறுபடி எழுதிக் குறைந்துவிட்டால் என்று பயப்பட வேண்டாம். எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பது உங்கள் கையில். மையத்தில் தேர்வு முடிந்ததும் குவாண்ட், வெர்பல் மதிப்பெண் திரையில் தெரியும். அதன் பிறகு அன்றைய மதிப்பெண் மட்டும், அல்லது எல்லாமும் என்று தேர்ந்தெடுத்து 4 இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம். பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் அனுப்பாமல் எழுந்து வரலாம். பின்னால் காசு கட்டி அனுப்பும்போது விருப்பமான தேதியை மட்டும் அனுப்ப வசதி உண்டு. ஆனால் ஒரு தேதியின் குவாண்டையும் இன்னொரு தேதியின் வெர்பலையும் பிரித்து எடுத்து அனுப்ப முடியாது. மதிப்பெண் தெரியும் முன்னால் ரத்து செய்யட்டுமா என்று திரை கேட்கும். ரத்து செய்யவே செய்யாதீர்கள். ரத்தான தேர்வும் அந்த ஐந்தில் ஒன்றாகக் கணக்காகும்.

பதில் (தாம்பரம், குவாண்ட் பயிற்சி ஆசிரியர்):

158ஐ 165 ஆக்குவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

2023 செப்டம்பர் முதல் தேர்வு 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இடைவேளை இல்லை. குவாண்ட் முதல் பகுதி 12 கேள்வி, 21 நிமிடம். இரண்டாம் பகுதி 15 கேள்வி, 26 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கிறது. முதல் பகுதியில் நீங்கள் செய்வதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். முதல் பகுதியில் கவனக்குறைவாகப் பல கேள்விகளைத் தவறவிட்டால் எளிய இரண்டாம் பகுதி வரும், அதில் எல்லாம் சரியாகப் போட்டாலும் உயர்ந்த மதிப்பெண்ணுக்கு எட்டாது. நம் பிள்ளைகள் பலர் 158 பக்கம் நின்றுவிடுவது இதனால்தான். கணக்கு தெரியாமல் இல்லை, முதல் 21 நிமிடத்தில் அவசரம்.

ஜே.இ.இ.க்குப் படித்தவர்கள் இன்னொரு இடத்தில் மாட்டுகிறார்கள். இங்கே முக்கோணவியல் இல்லை, நுண்கணிதம் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்குதான், ஆனால் வார்த்தையில் பொறி இருக்கும். இரண்டு அளவை ஒப்பிடும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எக்ஸின் வர்க்கம், மறுபக்கம் எக்ஸ். 2 என்று போட்டுப் பார்த்து வர்க்கம்தான் பெரிது என்று போய்விடுவார்கள். அரை என்று போட்டால் கால் வரும், எக்ஸ் பெரிதாகிவிடும். விடை "தீர்மானிக்க முடியாது". இந்த வகைக் கேள்வியில் 0, 1, எதிர்ம எண், 0க்கும் 1க்கும் இடைப்பட்ட பின்னம் ஆகிய நாலையும் போட்டுப் பார்க்காமல் விடை குறிக்கக் கூடாது. வடிவியல் படம் அளவுப்படி வரைந்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும், செங்கோணம் போலத் தெரிந்தால் செங்கோணம் ஆகிவிடாது. வரைபடங்களும் ஆயத்தொலைப் படங்களும் மட்டும் அளவுப்படி இருக்கும். "பொருந்துவன எல்லாம் குறிக்க" என்ற கேள்வியில் ஒன்று விட்டாலும் மதிப்பெண் இல்லை, பாதி கொடுக்க மாட்டார்கள். தவறான விடைக்குக் கழிப்பதும் இல்லை. அதனால் எந்தக் கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

பிழைக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லை, கேள்வியைத் தப்பாக வாசித்தேன், கூட்டல் கழித்தலில் பிழை, நேரம் போதவில்லை. இரண்டு வாரத்தில் எது அதிகம் என்று தெரிந்துவிடும். முதல் வகை என்றால் அந்தப் பாடத்தைப் படித்தால் தீரும், பெரும்பாலும் நிகழ்தகவும் திட்ட விலக்கமும்தான். இரண்டாவது வகைக்கு இன்னும் ஐந்நூறு கேள்வி போட்டாலும் பயன் இல்லை. கேள்வி எதைக் கேட்கிறது என்பதைத் தாளில் ஓரிரு சொல்லில் எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொட வேண்டும், அந்தப் பழக்கம் வந்தால்தான் தீரும். நேரம் போதாதவர்கள் இரண்டு நிமிடம் தாண்டியதும் குறியிட்டுவிட்டு நகர வேண்டும். ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போய்வர அனுமதி உண்டு, எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பு.

வெர்பல் பற்றி ஒரு வரி: மூவாயிரம் சொல்லை அகர வரிசையில் உருப்போடுவது வீண். பொருள் ஒத்த சொற்களைக் கூட்டம் கூட்டமாகப் படியுங்கள். ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு அதுதான் கைகொடுக்கும்.

கட்டுரை 3.5ஐ 4 ஆக்கினால் போதும். இ.டி.எஸ். தலைப்புகளை முன்கூட்டியே தன் தளத்தில் போட்டிருக்கிறது. 30 நிமிடத்தில் 5 நிமிடம் திட்டம், 20 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் திருத்தம். அங்கே எழுத்துப்பிழை காட்டும் வசதி கிடையாது, எனவே வீட்டிலும் அதை அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

பதில் (மயிலாப்பூர், இப்போது டொராண்டோ):

பெயர் விஷயத்தில் நம்மவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் இல்லை. கல்லூரிச் சான்றிதழில் "ஆர்." என்று இருக்கும், கடவுச்சீட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். இ.டி.எஸ். கணக்கில் கடவுச்சீட்டில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். எழுத்து மாறினால் மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், கட்டணமும் கிடைக்காது. குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்கள் கணக்கு தொடங்கும் முன்பே இ.டி.எஸ்.க்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். அமெரிக்க விசாவில் உங்கள் ஒரே பெயர் குடும்பப் பெயராகி, முன்பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." (முன்பெயர் தெரியவில்லை) என்று வந்திருக்கும். அதைப் பார்த்து இங்கே நிரப்பாதீர்கள்.

குடியுரிமை உள்ள நாட்டுக்கு வெளியே எழுதும்போது அசல் கடவுச்சீட்டுதான் பாதுகாப்பு. புதுப்பிக்கவோ விசா முத்திரைக்கோ அதை அனுப்பியிருக்கும் வாரத்தில் தேதி வாங்காதீர்கள். நகல் எடுபடாது, காலாவதியானதும் எடுபடாது.

கேள்வி (வேளச்சேரி, இப்போது டல்லாஸ்):

மிக்க நன்றி. மாதிரித் தேர்வில் 162, 163 வந்தது, ஆகவே மறுபடி எழுதுகிறேன். வீட்டிலிருந்தே எழுதலாமா? தீபாவளிக்குச் சென்னை வருகிறேன், அங்கே எழுதுவது எப்படி?

பதில் (அண்ணா நகர், இப்போது நியூ ஜெர்சி):

வீட்டில் எழுத அறையில் நீங்கள் மட்டும் இருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், யாரும் உள்ளே வரக் கூடாது. காகிதத்தில் கணக்குப் போட முடியாது. சிறிய வெள்ளைப் பலகை, அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் தாள், அழிக்கக்கூடிய பேனா. அதில் கணக்குப் போட்டுப் பழகாமல் போனால் வேகம் குறையும், கவனியுங்கள். ஹெட்போன் கூடாது, இரண்டாம் திரை கூடாது. கணவரின் அலுவலக மடிக்கணினியைத் தொடவே வேண்டாம். நிறுவனப் பூட்டு தேர்வு மென்பொருளை ஓட விடாது. பகிர்ந்து தங்கியிருப்பவர்களுக்கு மையம்தான் நிம்மதி.

பதில் (கோட்டூர்புரம்):

வாம்மா, ஆனால் இறங்கின வாரத்திலேயே எழுதாதே. டல்லாஸுக்கும் நமக்கும் கோடையில் பத்தரை மணி நேரம், நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரம் மாறியதும் பதினொன்றரை மணி நேரம். காலைத் தேர்வு என்றால் உடம்புக்கு அது நடு இரவு. ஒரு வாரமாவது விடு.

அடுத்தது மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வேளச்சேரி பற்றி உனக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீரும் மின்தடையும். அந்த மாதங்களில் வேளச்சேரி வீட்டிலிருந்து இணைய வழியில் எழுதுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மையத்துக்குப் போ, மெட்ரோ எட்டுகிற இடமாகப் பார். படிக்க வீட்டில் விருந்தாளிக் கூட்டமாக இருந்தால் எங்கள் பக்கத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் உண்டு.

வருவதே வருகிறாய், விண்ணப்பத்துக்கு வேண்டிய டிரான்ஸ்கிரிப்டையும் (எல்லாப் பருவ மதிப்பெண்ணும் அடங்கிய சான்று) வாங்கி முடித்துவிடு. இணைப்புக் கல்லூரி என்றால் கிண்டியில் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், தன்னாட்சிக் கல்லூரி என்றால் முதலில் கல்லூரியிலேயே கேள். தீபாவளி விடுமுறையில் ஆள் இருக்க மாட்டார்கள், அதற்கு முந்தின வேலை நாளாகப் பார்த்துப் போ. எத்தனை இடத்துக்கு விண்ணப்பிக்கிறாயோ அதைவிட இரண்டு உறை கூடுதலாக முத்திரையிட்டு வாங்கிக்கொள். பின்னால் ஒன்று குறைந்தாலும் அப்பாவிடம் அதிகாரக் கடிதம் கொடுத்து அலைய வைக்க வேண்டியிருக்கும்.

பதில் (மயிலாப்பூர், இப்போது டொராண்டோ):

எம்.பி.ஏ. பக்கம் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்: எம்.பி.ஏ. சேர்க்கைத் தேர்வான ஜிமேட்டில் ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 16 நாள். மூன்று பகுதி, தலா 45 நிமிடம், மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. இந்தப் புதிய வடிவத்தின் 645 பழைய வடிவத்தின் 700க்கு ஈடு, பழைய எண்ணை வைத்துக் கவலைப்படாதீர்கள். கணிப்பான் டேட்டா இன்சைட்ஸ் (தரவை அலசும்) பகுதியில் மட்டும்தான். ஒரு பகுதிக்கு மூன்று விடைகளைத்தான் மாற்ற முடியும். கேள்வி பாக்கி வைத்து நேரம் முடிந்தால் மதிப்பெண் இறங்கும்.

எச்-4இலேயே முழுநேரம் படிக்கலாம் சகோதரி, அதற்கு விசா மாற வேண்டியதில்லை. ஆனால் படிக்கும்போது பயிற்சி வேலையும் முடித்தபின் ஓ.பி.டி. என்ற தற்காலிக வேலை அனுமதியும் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மட்டும். எந்த நிலையில் சேரப்போகிறீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள், டிசம்பருக்கு முன்னால் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.