ஃபாஸ்ட் என்றால் ஓடுமா, நிற்குமா?

பாசார் ஸ்ட்ரீட் துணிக்கடை:
பினாங்கு லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஆறாம் ஆண்டு படிக்கும் மகள் சாயங்காலம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். நேற்று பாத்தேக் துணி ஓரத்தில் 'ஃபாஸ்ட் கலர்' என்று அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டு, "அப்பா, இந்தச் சாயம் வேகமாகப் போய்விடுமா?" என்று சத்தமாகக் கேட்டாள். அதே துணியை வாங்கக் கையில் வைத்திருந்த ஓர் அம்மா மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"போகவே போகாது என்று அர்த்தம்மா" என்றேன். "அப்போ ஃபாஸ்ட் ஃபுட்?" என்றாள். 'ஃபாஸ்ட் அஸ்லீப்' வேறு பாடத்தில் வந்திருக்கிறதாம். வேகமாகத் தூங்குவது எப்படி என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஓடுவதற்கும் அசையாமல் இருப்பதற்கும் ஒரே சொல்லா? யாராவது விளக்குங்களேன்.

பட்டர்வொர்த் பையன்:
அண்ணே, என் அப்பா ஃபெர்ரியில் கயிறு பிடித்தவர். கப்பலில் 'மேக் ஃபாஸ்ட்' என்றால் கயிற்றை இறுக்கிக் கட்டு என்று பொருள். வேலைக்கு வந்த முதல் நாள் 'சீக்கிரம்' என்று நினைத்துக் கயிறும் கையுமாக ஓடினாராம். வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்போம்.

செந்தூல் வாத்தியார்:
அசையாததுதான் மூத்த பொருள். பழைய ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்றால் உறுதியானது, இறுகியது. சாயம், கயிறு, ஆழ்ந்த தூக்கம் எல்லாம் அந்த வழி. வேகம் பிறகு வந்தது: உறுதியாக ஓடு, விடாப்பிடியாக ஓடு என்று சொல்லிச் சொல்லியே வேகமாக ஓடு என்றாகிவிட்டது.

வெள்ளைக்காரனை மட்டும் கேலி செய்யாதீர்கள். நம் 'கடு' என்ன செய்கிறது? கடும்பாறை அசையாது, 'கடுகி வந்தான்' என்றால் விரைந்து வந்தான். எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு இலங்கைத் தமிழர் வைத்த பெயர் கடுகதி.

பட்டர்வொர்த் பையன்:
சார், அப்போ மலாய்க்காரர் புவாசா என்கிற நோன்பு மாதத்து ஃபாஸ்டிங்?

செந்தூல் வாத்தியார்:
அதுவும் அதே வேர்தான். விரதத்தை விடாமல் உறுதியாகக் கடைப்பிடிப்பது. நம் நோன்பும் அப்படித்தான்: நோன்றல் என்றால் பொறுத்துக்கொள்ளுதல், நோன்மை என்றால் வலிமை. 261ஆம் குறளில் 'உற்றநோய் நோன்றல்' என்று வருகிறதே, அந்தச் சொல். புவாசா தனிக்கதை, அது சமஸ்கிருத உபவாசத்திலிருந்து மலாய்க்குப் போனது.

கடைக்காரரே, ஃபாஸ்ட் கலருக்கு நல்ல தமிழ் இருக்கிறது: கெட்டிச் சாயம்.

பாசார் ஸ்ட்ரீட் துணிக்கடை:
ஆமாம் சார், என் தாத்தா அப்படித்தான் சொல்வார்! நான்தான் மறந்துபோனேன். மகள் அட்டையில் 'கெட்டிச் சாயம்' என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறாள். அந்த அம்மா இன்று திரும்பவும் வந்தார்; அட்டையைப் படித்துவிட்டு இரண்டு மீட்டர் வெட்டச் சொன்னார். எதற்கும் முதல் தடவை தனியாகத் துவைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.