மறு: ‘பக்கவாட்டுத்தன்மை’க்கு வேறு சொல்

அன்பின் அனைவருக்கும்,

நம் முன்பள்ளிக் கலைச்சொல் பட்டியலைப் பற்றி வந்த கேள்வி இது:

> உடலின் இரு பக்கங்களையும் பிள்ளை உணர்வது ‘பக்கவாட்டுத்தன்மை’. அதை வெளியே பொருத்திப் பார்ப்பது ‘திசைத்தன்மை’. இவற்றையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். எங்கள் முன்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் முதற்சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். முடிந்ததும் ஒரு தாய் தனியே வந்து, “பிள்ளைக்குப் பக்கவாதமா, டீச்சர்?” என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை நான் வாயில் எடுக்கவில்லை.

அடுத்ததிலும் சிக்கல் இருக்கிறது. வன்னியில் திசை என்றால் கிழக்கும் மேற்கும்தான். குளக்கட்டு வடக்கே என்றால், நாம் எப்படித் திரும்பி நின்றாலும் அது வடக்கேதான். இடமும் வலமும் அப்படியல்ல, ஆளோடு சேர்ந்து திரும்புபவை. பிள்ளை தடுமாறுவதும் அங்கேதான். நான் பிள்ளைகளைப் பார்த்து நின்று வலக்கையைத் தூக்கினால் பலர் இடக்கையைத் தூக்குகிறார்கள். குற்றம் அவர்களுடையதல்ல, நான் நிற்கும் விதத்தினுடையது. இப்போது முதுகைக் காட்டி நின்றே ஆட்டம் பழக்குகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் நியூவெல் கெப்பார்ட் 1960இல் வந்த நூலில் இரண்டையும் ஒரே கொடியின் இரு கணுக்களாகத்தான் பார்த்தார்: முதலில் உடம்புக்குள் இடம் வலம், பிறகு அதே உணர்வை வெளிப்பொருளின்மீது ஏற்றுதல். பனியில் மல்லாந்து படுத்து, சொல்லும் கையையும் காலையும் மட்டும் அசைக்கும் ஆட்டம் அவருடைய நூலில் உண்டு. பனிக்கு நாம் எங்கே போவது? முல்லைத்தீவு மணல் போதும். “வலக்கை, இடக்கால்” என்றதும் பிள்ளை ஒரு கணம் யோசிக்கிறதே, அந்தக் கணத்துக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். என் பரிந்துரை: ‘இடவலவுணர்வு’, ‘புற இடவலம்’.

— முன்பள்ளி ஆசிரியை, முல்லைத்தீவு

*

வணக்கம் டீச்சர்,

என் அப்பு வண்டில் வைத்திருந்தவர். நுகத்தில் இடத்தை மாடு, வலத்தை மாடு என்பார். இடத்தைக்குப் பழகியதை வலத்தையில் பூட்டினால் அது முரண்டு பிடித்து நிற்கும். மாட்டுக்கு முன்னால் போய் நின்று பார்த்தாலும் இடத்தை இடத்தைதான். பெயர் நுகத்தோடு போகிறது, பார்ப்பவனோடு அல்ல. ஆகவே ‘இடவலவுணர்வு’க்கு என் வாக்கு.

‘புற இடவலம்’ போதாது. மேல், கீழ், முன், பின் எங்கே போயின? எழுத்தையே எடுங்கள். ‘கொ’ என்று சொன்னால் பிள்ளையின் காதில் முதலில் விழுவது ககரம். கை முதலில் எழுத வேண்டியது இடப்புறக் கொம்பு, பிறகு க, அதற்கு வலப்புறம் கால். ‘கு’வில் குறி ககரத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ‘கி’யில் விசிறி மேலே ஏறுகிறது. இத்தனை போக்கையும் கண்டுகொள்வதால் ‘போக்கறிவு’ என்கிறேன்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மாங்குளம்

*

ஐயா,

கொம்பு விளக்கத்தை அப்படியே என் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கவாதத்திலிருந்து தப்பி வயிற்றுப்போக்கில் விழுவோமோ என்று பயமாக இருக்கிறது! அதே தாய் மறுபடி வந்து நிற்பார். ‘போக்கறிவு’ பட்டியலில் கேள்விக்குறியோடு இருக்கட்டும், இதைவிடப் பொருத்தமாக யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.

பட்டியலில் உள்ள இன்னொரு சொல், கண் பார்ப்பதற்கேற்பக் கை இயங்குவதைக் குறிக்கும் ‘கண்கை இசைவு’. அதற்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. கொக்கான் வெட்டும் பிள்ளைக்கு அது சரி: கல்லை மேலே எறிந்து, கீழே கிடப்பதை அள்ளி, விழுவதையும் ஏந்த வேண்டும். கெந்தி விளையாடும்போது கோட்டை மிதிக்காமல் காப்பது காலல்லவா? ஆகவே ‘கண்மெய் இசைவு’ என்று திருத்துகிறேன்.

இன்னொன்று. இவற்றைப் பழக்கினால் வாசிப்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில் சிலர் வகுப்பை நடத்துகிறார்கள். 1983இல் கவாலே, மேட்சன் என்ற ஆய்வாளர்கள் இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய 180 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அப்படிப் பயன் தெரியவில்லை. மணலில் படுப்பது நல்லது, ஆனால் எழுத்தை எழுத்தாகத்தான் கற்பிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நம் பட்டியலின் தலைப்பில் ‘பயிற்சிகள்’ என்றிருப்பதை ‘விளையாட்டுகள்’ என்று இன்றிரவே மாற்றிவிடுகிறேன்.