பொருள்: ‘கேன்யன்’, ‘கார்ஜ்’: இரண்டுக்கும் பள்ளத்தாக்கு போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் திரட்டிய பிளாக்பிரஷ் புதர்ச்செடியின் உலர்தாவரத் தாள்களில் ஒட்டப்பட்டிருக்கும் குறிப்புச் சீட்டுகளை மாணவர் பயிற்சி ஏட்டுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 1853இல் ஜான் டோரி ‘கோலியோஜைனி ராமோசிசிமா’ என்று பெயரிட்ட இச்செடி அங்கே மண்டிக் கிடப்பது, விளிம்புக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட டோன்டோ மேடைநிலத்தில். அந்த மேடைக்குக் கீழே ‘இன்னர் கார்ஜ்’ எனப்படும் ஒடுங்கிய பிளவில் கொலராடோ ஆறு ஓடுகிறது. ஆக, கேன்யனுக்குள் ஒரு கார்ஜ். இரண்டும் பள்ளத்தாக்கு என்றால், ‘பெரும் பள்ளத்தாக்கில், உட்பள்ளத்தாக்குக்கு மேலே’ என்று எழுத நேர்கிறது. பழைய சீட்டுகளில் ஆயத்தொலைவுகள் இரா. இடத்தைச் சொல்லும் தொடர்தான் சான்று. ஏறத்தாழ 1.6 கி.மீ. ஆழமுள்ள இடத்தில் சொல் பிசகினால், நிலப்படத்தில் புள்ளி சிறிதே நகரும். செடியோ மேலே பைன் காட்டுக்குப் போய்விடும்.

மறுமொழி:

நண்பரே, ‘விடர்’ இருக்கக் கவலை ஏன்? மலைப்பிளப்பைக் குறிக்கும் இச்சொல், அருவி ஒலிக்கும் விடரகமாகக் குறுந்தொகையிலேயே வருகிறது. கேன்யன் ஸ்பானியச் சொல். அதன் மூலம் நாணலைக் குறிக்கும் ‘கான்யா’. அது கரும்பைக் குறிக்கும் நம் ‘கன்னலின்’ உறவு என்பது என் நெடுநாள் கருத்து. தனி மடலில் விரிப்பேன்.

மறுமொழி:

புலவர் ஐயா, கன்னல் இனிக்கிறது. ஆனால் ‘கான்யா’வின் வேரை இலத்தீன், கிரேக்கம் வழியே செமித்திய மொழிகளில் அல்லவா காண்கிறார்கள்? மேலும், ‘விடர்’ காமுகனைக் குறிக்கும் ‘விடன்’ என்பதற்குப் பன்மையும் ஆகும். ‘விடர் விளிம்பில் திரட்டியது’ என்று நான் வகுப்பில் படித்தால் அன்றைய பாடம் அதோடு முடிந்தது. தவிர, அந்நிலம் தானாகப் பிளந்ததன்று, ஆறு அரித்தது. கேன்யனுக்கு ‘ஆற்றுக்குடைவு’, கார்ஜுக்கு ‘ஆற்றிடுக்கு’ என்று வைத்தால் மாணவர்க்கு விளக்கவுரை வேண்டியிராது.

மறுமொழி:

இருவருக்கும் நன்றி. ஆற்றுக்குடைவு, ஆற்றிடுக்கு என்றே எழுதி, முதல் வரவில் மூலச்சொல்லையும் பக்கத்தில் தருகிறேன். உயரம் குறித்த சீட்டுகளில் அந்த எண்ணை இடப்பெயருக்கு முன்னே வைக்கிறேன். சொல் தடுமாறினாலும் எண் நிற்கும்.

மறுமொழி:

குடைந்தால் மேலே கூரை எஞ்ச வேண்டும். மாமல்லபுரத்துக் குடைவரைகளைப் பாருங்கள். கொலராடோவுக்குக் கூரை ஏது? என் மறுப்பு நிற்கிறது. கன்னல் மடல் நாளை வரும்.