15ஐ நான்கால் பெருக்கினால் 60, மீதி 21 எங்கே?

மேலூர்க்காரன்:
வாத்தியார் போன வாரம் இங்கே ஒரு பதிவு போட்டார், எல்லோரும் கைதட்டினீர்கள். கருவில் தலைப்பக்கம் எது, வால்பக்கம் எது என்று முடிவு செய்யும் ஹாக்ஸ் மரபணுக்கள், கடல் மணலில் புதைந்து வாழும் சின்ன மீன் போன்ற ஆம்பியாக்ஸஸில் ஒரே தொகுப்பாக 15 இருக்கின்றனவாம். ஆதி முதுகெலும்பியின் மரபணுத்தொகுதி முழுசாக இரண்டு தடவை இரட்டித்ததால் மனிதனிடம் அது நான்கு தொகுப்பு ஆகிவிட்டதாம். சரி, 15ஐ நான்கால் பெருக்கினால் 60. மனிதனிடம் இருப்பது 39. மீதி 21 எங்கே? வாய்ப்பாடு தெரிந்த யாராவது சொல்லுங்கள்.

வைகைக்கரை வாத்தியார்:
மேலூர்த் தம்பிக்கு இதே வேலை. டைனோசர் பதிவிலும் இப்படித்தான் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் தொங்கினார். இரட்டித்த பிறகு ஒரே வேலைக்கு இரண்டு பிரதி இருக்கும். ஒன்று பழுதானாலும் கரு பிழைத்துக்கொள்ளும். அதனால் பழுது அப்படியே தலைமுறை தாண்டிப் போய், கடைசியில் அந்தப் பிரதியே இல்லாமல் போகும். வெவ்வேறு தொகுப்புகளில் ஒரே எண் உள்ள பிரதிகளை ஒரு வரிசை என்போம். 2003இல் எலியில் ஹாக்ஸ் 10 வரிசையின் மூன்று பிரதிகளையும் சேர்த்து முடக்கியபோது இடுப்பு முள்ளெலும்புகளிலும் விலா முளைத்தது. ஒன்றை மட்டும் முடக்கினால் அந்த அளவுக்கு எதுவும் ஆகவில்லை. மனிதனின் 7, 17, 12, 2ஆம் குரோமோசோம்களில் ஏ, பி, சி, டி என்று நான்கு தொகுப்பு. அதில் சி தொகுப்பில் 1, 2, 3 மூன்று இடமும் காலி. பெருக்கத் தெரிந்தவருக்குக் கழிக்கவும் தெரிய வேண்டும்.

மேலூர்க்காரன்:
காலி என்றால் தொலைந்தது என்று அர்த்தமா? முதலிலிருந்தே இல்லாமல் இருந்திருக்கலாமே. எலிக்கு விலா முளைத்த கதையை நான் கேட்கவில்லை. 21 எங்கே?

கருவியல் கண்மணி:
அண்ணே, 21 என்பதே தப்பு. ஆம்பியாக்ஸஸ் நம் மூதாதை இல்லை, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பிரிந்துபோன பங்காளி. அதன் 15 அதனோடு. நம்மிடம் 13 வரிசை, நான்கு தொகுப்புக்கு 52. குறைவது 13தான். 14ஆவது வரிசை சீலகாந்த் என்ற பழைய வம்சத்து மீனிடமும் சில சுறாக்களிடமும் இன்னும் இருக்கிறது, நம்மிடம் இல்லை. தொலைந்ததற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

மேலூர்க்காரன்:
காலையில் 21, மத்தியானம் 13. மாட்டுத்தாவணி ஏலக்கடை தோற்றது போங்கள். பொழுது சாய்ந்தபின் வந்தால் ஐந்துக்கு முடித்துக் கொடுப்பீர்களா?

வைகைக்கரை வாத்தியார்:
கண்மணி, நான் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எண்ணை மாற்றினால் இவரைப் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆம்பியாக்ஸஸ்தான் முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு. நான் ஓய்வு பெறும்வரை அதைத்தான் நடத்தினேன், ஒரு பையன் எதிர்த்துப் பேசியதில்லை.

கருவியல் கண்மணி:
பையன்கள் பேசாதது வேறு விஷயம் சார். 2006இல் மரபணுக்களை ஒப்பிட்டபோதே கடலடியில் ஒட்டிக்கொண்டு வாழும் அசிடியன் மாதிரியான வால்நாணிகள்தான் நமக்கு மிக நெருக்கம் என்று வந்துவிட்டது. அதில் சயோனா என்ற அசிடியனுக்கு ஹாக்ஸ் 9தான், அவையும் இரண்டு குரோமோசோமில் பிரிந்து கிடக்கின்றன.

மேலூர்க்காரன்:
வந்தாரையா! குரோமோசோமில் இருக்கும் வரிசைப்படியே தலையிலிருந்து வால்வரை வேலை நடக்கும் என்று வாத்தியார் பெருமையாக எழுதினார். இப்போது பிரிந்து கிடந்தாலும் பிள்ளை பிறக்கிறது என்கிறீர்கள். முதலில் நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள். அதுவரை என் 21 வட்டி போடட்டும்.

செல்லூர் சிட்டு:
இரண்டு இரட்டிப்போடு நிற்கவில்லை. இன்றைய மீன்களில் பெரும்பாலானவற்றின் வம்சத்தில் மூன்றாவது ஒன்றும் நடந்தது. ஆய்வகங்களில் வளர்க்கும் வரிக்குதிரை மீனில் ஹாக்ஸ் தொகுப்பு 7. நம்ம ஊர் அயிரையும் அந்த வம்சம்தான்.

மேலூர்க்காரன்:
நாலு இரட்டித்தால் எட்டு. எட்டாவது எங்கே?

கருவியல் கண்மணி:
எட்டாவதின் இடம் அப்படியே இருக்கிறது அண்ணே. ஹாக்ஸ் எல்லாம் போய் மற்ற மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏவான மைக்ரோ ஆர்என்ஏ ஒன்றுக்கான மரபணு மட்டும் அங்கே மிச்சம். தொலைந்ததன் தடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மேலூர்க்காரன்:
ஆக, அதையும் காணோம். குறித்துக்கொள்கிறேன்.

செல்லூர் சிட்டு:
அயிரையையே காணோம், வைகையில் தண்ணீர் எங்கே இருக்கிறது? குழம்பு விலையைப் பற்றி யாராவது பேசுங்களப்பா.

வைகைக்கரை வாத்தியார்:
குழம்புக்குத் தனித் திரி திறந்துகொள்ளுங்கள். ஆம்பியாக்ஸஸைப் படத்தில் பார்த்தவர்கள் எனக்கு உறவுமுறை சொல்ல வேண்டாம். மன்னார் வளைகுடாவில் இருக்கும் குருசடைத் தீவுக்கு மாணவர்களைக் கூட்டிப்போய், மணலைத் தோண்டி, கையில் எடுத்துக் காட்டியவன் நான்.

திருமங்கலம் தென்றல்:
சார், வணக்கம். அந்தச் சுற்றுலாவில் நானும் வந்தேன். நீங்கள் கையில் எடுத்தது பலனோகுளோசஸ் என்ற கடல் புழு. அது அரைநாணி, நம்மையும் ஆம்பியாக்ஸஸையும் போல முதுகுநாண் என்ற தண்டு உள்ள முதுகுநாணியே இல்லை. குருசடை அதற்குத்தான் பேர்போனது. ஜாடியில் ஆம்பியாக்ஸஸ் என்று சீட்டு ஒட்டச் சொன்னீர்கள், ஒட்டினோம்.

வைகைக்கரை வாத்தியார்:
மணலில் இரண்டும் இருந்தன. உன் கண்ணுக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. நீ கடைசி பெஞ்ச், ரெக்கார்டு நோட்டைக்கூட நேரத்துக்குக் கொடுக்காதவன்.

திருமங்கலம் தென்றல்:
கொடுத்தேன் சார். பலனோகுளோசஸ் என்று எழுதியதால் நீங்கள்தான் கையெழுத்துப் போடவில்லை.

மேலூர்க்காரன்:
அரைநாணியா, முழுநாணியா என்றே தெரியாதவர் எனக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்தார்!

வைகைக்கரை வாத்தியார்:
தம்பி, 1866லேயே ரஷ்யக் கருவியலாளர் கோவலெவ்ஸ்கி அசிடியன் லார்வாவின் வாலில் முதுகுநாணைக் கண்டு எழுதிவிட்டார். வால்நாணி நமக்கு உறவு என்பதை 2006 வந்துதான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்த லார்வாவைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸில் நான் வரைந்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள்.

திருமங்கலம் தென்றல்:
அந்தப் படத்தை வரைந்தது யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள் சார்.