ஒரே நோட்டுக்கு மட்டும் இரையும் பேஸ் பாக்ஸ்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாங்கள்தான் வாசிக்கிறோம். பேஸ் கிட்டாருக்கு நான்கு பத்து இன்ச் ஸ்பீக்கர் கொண்ட பாக்ஸ் எங்களுடையது. இந்த முறை ஒத்திகையில் அது வேலையைக் காட்டியது. ‘ஏ’ நோட்டில், அதாவது அந்த ஒரு ஸ்வரத்தில் மட்டும் கர்ர்ரென்று ஓர் இரைச்சல், மற்ற நோட்டெல்லாம் சுத்தம். ‘ஏ’ கம்பியை வெறுமனே மீட்டினாலும் இரைந்தது, ‘இ’ கம்பியின் ஐந்தாவது கட்டத்தில் வாசித்தாலும் இரைந்தது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வந்ததால் கிட்டார் மேல் குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது.

ஈப்போவில் ஒரு ரிப்பேர் கடைக்காரர் பாக்ஸைப் பார்க்கக்கூட இல்லை. “கோன் போச்சு, நாலையும் மாத்திடுங்க” என்றார். கோன் என்பது ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு. எனக்கு இது பிடிக்கவே இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்து வாங்கிய பாக்ஸ் அது. கோன் கிழிந்தாலோ அதை ஆட்டும் கம்பிச்சுருள் (காயில்) உரசினாலோ கீழ் நோட்டு பலவற்றிலும் கரகரப்பு வரும். ஒரே நோட்டில் மட்டும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தளர்ந்து கிடக்கும் ஏதாவது ஒன்றைத்தான். வெறும் ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 55 அதிர்வு. அந்தத் தளர்ந்த பொருளின் சொந்த அதிர்வும் அதே கணக்கில் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஆடும்.

ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) ஹெட்போன் மாட்டிக் கேட்டோம், சுத்தமாக இருந்தது. வேறு பாக்ஸில் மாட்டினோம், அதுவும் சுத்தம். (பாக்ஸ் மாற்றும்போது ஆம்பை அணைத்துவிடுங்கள். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.) ஆக, கோளாறு எங்கள் பாக்ஸில்தான்.

அப்புறம் கைப்பேசியில், கேட்ட ஹெர்ட்ஸில் ஓசை எழுப்பும் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கி, சத்தத்தைக் குறைத்து வைத்து, 40 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினோம். 55-ஐ நெருங்கியதும் இரைய ஆரம்பித்து, 60 தாண்டியதும் அடங்கியது. அந்த டோனை அப்படியே ஓடவிட்டு வலை, மூலைத் தகடு, சக்கரம், ஜாக் தகடு என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தோம். பக்கவாட்டுக் கைப்பிடியை அழுத்தியதும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் ஓரமாகப் பிடித்தேன். நேராக எழும்பிய புகை கைப்பிடியின் கீழ் விளிம்புக்கு வந்ததும் வெடுக் வெடுக்கென்று துடித்தது. காற்று கசிந்த இடம் அதுதான். ஸ்க்ரூ இறுகித்தான் தெரிந்தது, ஆனால் பலகையில் துளை தேய்ந்துபோய் அது சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. தீக்குச்சியில் மரப்பசை தடவித் துளைக்குள் செருகி, காய்ந்ததும் ஸ்க்ரூவை முடுக்கினோம். கைப்பிடிக்கு அடியில் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினோம்.

மீதி இரைச்சல் உள்ளிருந்து வந்தது. ஒரு ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தால், ஒயர் தொங்கிப் பக்கத்து ஸ்பீக்கரின் கோன் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. பட்ட இடம் காசளவு பளபளத்தது. கேபிள் டை போட்டு ஒதுக்கிக் கட்டினோம், ஓசை நின்றது. அதே நான்கு ஸ்பீக்கரோடுதான் திருவிழாவுக்கு வாசித்தோம்.

உங்கள் பாக்ஸ் என்ன கூத்து காட்டியது, சொல்லுங்கள்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து:

அண்ணே, எங்களுக்கு இரைச்சல் இல்லை, பேஸே காணாமல் போனது. இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸில் ஒன்றை மாற்றினோம். அன்றிலிருந்து சத்தம் இருக்கும், அடிவயிற்றில் விழாது. உறுமி மேளம் பக்கத்தில் வந்துவிட்டால் என் வாசிப்பு எனக்கே கேட்காது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரும் இணையாக இருந்ததால் மீட்டர் 3 ஓம் சொச்சம் காட்டியது, அது சரியான அளவுதான். ஆனால் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை மீட்டர் சொல்லாது. 9 வோல்ட் பேட்டரியைக் கேபிள் முனையில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். ஒரு கோன் வெளியே வந்தது, மற்றது உள்ளே போனது. ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்தால் பேஸ் எப்படி வரும்? புதிய ஸ்பீக்கரின் ஒயரை மாற்றி மாட்டியதும் சரியானது. ஒன்று கவனியுங்கள்: பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்குப் பாசிட்டிவ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். நிறத்தை நம்பாமல் கோனைப் பாருங்கள்.

பகாவிலிருந்து:

எங்களுடையதில் சத்தம் திடீரென்று மங்கும், ஓங்கி ஒரு நோட்டை அடித்தால் திரும்ப வரும். எல்லோரும் பாக்ஸைத்தான் திட்டினார்கள். கோளாறு ஆம்பின் பின்னால், எஃபெக்ட்ஸ் லூப் ஜாக்கில் இருந்தது. எஃபெக்ட்ஸ் கருவிக்கு ஒலியை அனுப்பும் சென்ட், திரும்ப வாங்கும் ரிட்டர்ன் என்ற இரண்டு துளைகள் அவை. நம் ஊர் ஈரக்காற்றுக்கு உள்ளே இருக்கும் தொடுமுனை களிம்பேறிப் போகிறது. சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சின்ன கேபிளால் இணைத்துப் பாருங்கள். சத்தம் நிலைத்துவிட்டால் காரணம் அதுதான். காண்டாக்ட் கிளீனர் அடித்து ஜாக்கைச் செருகிச் செருகி எடுத்தால் போதும்.

லூனாஸிலிருந்து:

எங்கள் மண்டபத்தில் வெறும் ‘இ’ மட்டும் கேட்காது. வீட்டில் அதே பாக்ஸ் நன்றாக முழங்கும். ‘இ’ 41 ஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். பாக்ஸின் முகம் பின்சுவரிலிருந்து அதில் கால் பங்கு தூரத்தில், அதாவது இரண்டு மீட்டர் சொச்சத்தில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையை அடித்துவிடும். பாக்ஸைச் சுவரோடு ஒட்டித் தள்ளினோம், ‘இ’ வந்துவிட்டது. இப்போது ‘ஜி’ வாசித்தால் கூரைத் தகரம் கடகடக்கிறது. அதற்கு என்ன செய்யலாம் அண்ணே?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

தம்பி, எங்கள் மண்டபத்திலும் அந்தத் தொல்லை இருந்தது. எந்தத் தகடு என்று ஏணி போட்டு ஏறி, கையால் அழுத்திக் கண்டுபிடியுங்கள். தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்து ஆணியை இறுக்குங்கள். கீழே ஒருவர் 49 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டுக்கொண்டே இருக்கட்டும். ‘இ’ கம்பியின் மூன்றாவது கட்டத்தில் வரும் ‘ஜி’யின் கணக்கு அதுதான்.