ஹெர்னியா ஆபரேஷன்: லோக்கலா, ஸ்பைனலா?

எனக்கு வலது அடிவயிற்றில் ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். திறந்து மெஷ் (வலை) வைக்கும் ஆபரேஷன். ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றதுமே சர்ஜன் லோக்கல் பக்கம், அதாவது அறுக்கும் இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசிப் பக்கம் சாய்ந்துவிட்டார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்யும் ஸ்பைனல் போட்டால் சிறுநீர்ப்பை நரம்பும் சேர்ந்து மரத்துப்போகும், சிறுநீர் அடைத்துக்கொண்டால் டியூப் போட வேண்டிவரும் என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் ஊசி சுருக்கென்று எரிந்தது. அப்புறம் ஒவ்வொரு அடுக்காக மருந்தைச் செலுத்திக்கொண்டே உள்ளே போனார்கள். கத்தி பட்டதே தெரியவில்லை. ஆனால் தொடுவதும் இழுப்பதும் நன்றாகத் தெரியும், அதற்கு மனசைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். ஹெர்னியா பையைப் பிடித்து இழுத்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. சொன்னதும் கையை நிறுத்தி, அங்கே இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார்கள், அடங்கிவிட்டது. மெஷ்ஷைத் தைத்த பிறகு, "நல்லா இருமுங்க" என்றார் சர்ஜன். தையல் தாங்குகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நானே நடந்துபோய் சிறுநீர் கழித்தேன். என் வயதில் அது எவ்வளவு பெரிய நிம்மதி!

—

நான் ஸ்பைனல். என்னுடையது விரைப்பை வரை இறங்கிய பெரிய ஹெர்னியா, உடம்பும் பருமன். அவ்வளவு இடத்தையும் லோக்கலில் மரக்கச் செய்ய மருந்து எக்கச்சக்கமாகத் தேவைப்படும், அது பாதுகாப்பில்லை என்றார்கள். உட்கார வைத்து முதுகை வளைக்கச் சொல்லி ஊசி போட்டார்கள். கால் இரண்டும் சூடாகி, கனத்து, அப்படியே அடங்கின. நடுவில் பிரஷர் இறங்கித் தலை சுற்றியது, மயக்க டாக்டர் உடனே மருந்து கொடுத்தார். மற்றபடி ஒன்றுமே தெரியவில்லை.

மறுநாள்தான் சோதனை. எழுந்து உட்கார்ந்தால் தலை வெடிக்கும், படுத்தால் போய்விடும். ஊசித் துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் வருவதாம். எல்லோருக்கும் வராது. எனக்கு ஓய்விலும் வலி மாத்திரையிலும் சரியாகிவிட்டது. இப்படி வந்தால் சாதாரணத் தலைவலி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

—

அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டினால் ஆபத்து என்று ஸ்பைனலை மறுத்துவிட்டார்கள், லோக்கலில்தான் நடந்தது. நீங்கள் எந்த மாத்திரை எடுத்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். 2018-இல் வந்த சர்வதேச ஹெர்னியா வழிகாட்டுதலும் திறந்த ஆபரேஷனுக்கு லோக்கலைப் பரிந்துரைக்கிறது, ஆனால் சர்ஜனுக்கு அதில் அனுபவம் இருக்க வேண்டும் என்கிறது. "லோக்கலில் அடிக்கடி செய்கிறீர்களா?" என்று நாங்கள் நேராகவே கேட்டோம். அவர் கோபப்படவில்லை, உட்கார வைத்து விளக்கினார்.