இறால் செத்துவிட்டது, நத்தைகள் கவிழ்கின்றன, மீனுக்கு ஒன்றுமில்லை. உடனே உதவுங்கள்

குடந்தை_குமிழி | செவ்வாய் இரவு 11:40
வணக்கம். வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். நேற்றுதான் வெளியூரிலிருந்து வந்தேன். க்ளீனர் இறால் செத்துக் கிடந்தது. இன்று மாலை பார்த்தால் ஆறு டர்போ நத்தைகளில் நான்கு மணலில் கவிழ்ந்து கிடக்கின்றன. நிமிர்த்திக் கண்ணாடியில் வைத்தாலும் ஒட்டாமல் விழுந்துவிடுகின்றன. ஜோவாந்திட் (பூப்போல விரியும் பவள இன உயிர்) நான் வந்ததிலிருந்து விரியவே இல்லை. க்ளவுன் மீன் ஜோடி மட்டும் வழக்கம்போல் பாய்ந்து வந்து சாப்பிடுகிறது. டெஸ்ட் எல்லாம் நார்மல். தண்ணீர் ஆர்ஓதான். என்ன மருந்து போடலாம்? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

அலையாத்தி | இரவு 11:52
மருந்து எதுவும் போடாதீர்கள். முதலில் இதைச் சொல்லுங்கள்: தொட்டி எத்தனை லிட்டர், எவ்வளவு காலமாக ஓடுகிறது, உப்பளவை எதால் அளந்தீர்கள், அம்மோனியா எண் என்ன? 'நார்மல்' என்பதை வைத்து நாங்கள் ஒன்றும் சொல்ல முடியாது. எத்தனை நாள் வெளியூரில் இருந்தீர்கள்?

பூண்டிக்காரன் | புதன் காலை 5:30
கரன்ட் போனதா தம்பி? எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது திருத்துறைப்பூண்டியில் எங்கள் தெருவுக்குக் கரன்ட் வரப் பல நாள் ஆனது. கையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன், ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. உப்புநீரில் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவாகத்தான் கரையும், வெயில் காலத்தில் இன்னும் குறையும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

நாகை_நீலம் | காலை 7:15
இந்தக் கேள்விக்கு நான் மட்டுமே பத்து முறையாவது பதில் எழுதியிருப்பேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் வரவில்லை. உப்பளக்க முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்தானே வைத்திருக்கிறீர்கள்? அந்த முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டினால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். கடல்நீர் அடர்த்தியான 1.025 என்று நம்பிக்கொண்டு 1.019-இல் வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். மீன் தாங்கும், நத்தையும் இறாலும் தாங்காது. ஒளியை வைத்து உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதையும் வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபாருங்கள். அடிப்படை தெரியாமல் பவளத் தொட்டி வைக்கக் கூடாது.

குடந்தை_குமிழி | காலை 9:05
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். தொட்டி 3 அடி, சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இல்லை, 190 லிட்டர் இருக்கும். 14 மாதமாக ஓடுகிறது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, பிஎச் 8.1. வெப்பம் 28, மேலே மின்விசிறி ஓடுகிறது. ஹைட்ரோமீட்டர்தான், 1.025 காட்டுகிறது. கரன்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. வேலைப் பயிற்சிக்காக ஓசூரில் 11 நாள் இருந்தேன். புதிதாக எதையும் தொட்டிக்குள் விடவில்லை.

கொள்ளிடக்கரை | காலை 9:40
கொசு! யாரும் அதைக் கேட்கவில்லையே. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு எங்கள் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கே எல்லா வீட்டிலும் கொசுவத்தியோ லிக்விட் மெஷினோ எரியும். அந்த மருந்து இறாலுக்குக் கடும் விஷம். காற்று பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது. என் தொட்டியில் ஒரே இரவில் மூன்று இறால் இப்படித்தான் போயின. மெஷினை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

அலையாத்தி | காலை 10:20
கொள்ளிடக்கரை அண்ணன் சொல்வது உண்மைதான், ஆனால் அந்த மருந்து மீனையும் விடாது. ஆக்சிஜன் குறைந்தாலும் முதலில் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்குவது மீன்தான். இங்கே மீன் இரண்டும் பசியோடு இருக்கின்றன. இறால், நத்தை, ஜோவாந்திட் மூன்றும் வேறு வேறு வகை உயிர்கள். மூன்றும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன என்றால் எனக்குச் செம்பின் மேல்தான் சந்தேகம். வெள்ளைப்புள்ளி நோய்க்கு மீனுக்குச் செம்பு மருந்தே கொடுக்கிறோம், செப்பு சல்பேட் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை. மீன் அதிலே வாரக்கணக்கில் இருக்கும். அதில் சிறு பங்கு போதும், நத்தை போய்விடும்.

அதனால் இரண்டே கேள்வி. நீங்கள் இல்லாத 11 நாளும் ஆவியான தண்ணீருக்கு ஈடாக யார் ஊற்றினார்கள்? எதிலிருந்து எடுத்து ஊற்றினார்கள்? 'ஆர்ஓ' என்று மட்டும் சொன்னால் போதாது. ஹீட்டர் விரிசல், கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் துரு, இவற்றையும் பாருங்கள். இப்போதைக்கு, நச்சை உறிஞ்ச வடிகட்டியில் புதுக் கார்பன் போட்டுவிடுங்கள்.

நாகை_நீலம் | காலை 11:00
செம்பு என்று உடனே பூச்சாண்டி காட்ட வேண்டாம். முதலில் உப்பளவைச் சரியாக அளக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் தொட்டிக்கென்று கடையில் விற்கும் இந்த டப்பா உப்பே தேவையில்லை. நான் ஆறு வருடமாகத் தரங்கம்பாடிக் கடல் தண்ணீரைத்தான் கேனில் பிடித்து வருகிறேன்.

உப்பளத்து_மகள் | காலை 11:25
எந்த மாதத்தில் பிடிக்கிறீர்கள் சார்? ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடத்திலும் காவிரியிலும் வெள்ளம் போகும்போது இந்தக் கரையோரமெல்லாம் உப்பு இறங்கிவிடும், வண்டலும் கலங்கி வரும். மற்ற மாதங்களில் பிடித்தாலும் சில வாரம் இருட்டில் மூடி வைத்து வடிகட்டாமல் ஊற்றக் கூடாது.

மண்வெட்டி | காலை 11:31
வேதாரண்யம் உப்பும் கடல் தண்ணீரிலிருந்து வருவதுதானே? கல்லுப்பு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. அதையே கரைத்தால் என்ன?

உப்பளத்து_மகள் | மதியம் 12:10
இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது, எங்கள் வீட்டுத் தொழில் அது. உப்பளத்தில் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றுவதே பிரிப்பதற்காகத்தான். கெட்டியாக ஆக முதலில் சுண்ணாம்பு இறங்கும், அப்புறம் ஜிப்சம், அதற்குப் பிறகுதான் நாம் வாரும் உப்பு. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் போய்விடும், அதை வடித்துவிடுவோம். பவளத்துக்கு லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வேண்டும், 1,300 அளவில் மெக்னீசியம் வேண்டும். கல்லுப்பில் அந்த இரண்டும் பேருக்குத்தான் இருக்கும். அது குழம்புக்கு நல்ல உப்பு, தொட்டிக்கு இல்லை.

மண்வெட்டி | மதியம் 12:18
விளக்கத்துக்கு நன்றி. அப்படியே ஒன்று கேட்கிறேன், மண்டபத்தில் தெரிந்தவர் பவளக்கல் எடுத்துத் தருகிறேன் என்கிறார். தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவுக்கு நல்லது என்கிறார்களே?

அலையாத்தி | மதியம் 12:30
வேண்டாம். 2001-இல் பவளங்களை 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். எடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படிக்கிறோம். அதில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணம். உலர்ந்த செயற்கைக் கல்லிலும் இதே பாக்டீரியா வளரும், ஆறு வாரம் பொறுத்தால் போதும்.

நாகை_நீலம் | மதியம் 12:41
ஒரு கல் எடுத்தால் தீவு மூழ்கிவிடுமா?

அலையாத்தி | மதியம் 12:44
எடுத்த ஒவ்வொருவரும் ஒரு கல்தான் என்று நினைத்திருப்பார்கள் சார். முத்துப்பேட்டையில் அலையாத்தி மரத்தை விறகுக்கு வெட்டியதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பூண்டிக்காரன் | மதியம் 1:15
சண்டை வேண்டாம். குடந்தைத் தம்பி எங்கே? வீட்டில் விசாரித்தாரா?

குடந்தை_குமிழி | இரவு 8:20
அம்மாவிடம் கேட்டேன். தினமும் காலையில் நான்கைந்து லிட்டர் குறைந்திருக்கும், அம்மாதான் கோடு வரைக்கும் ஊற்றியிருக்கிறார். ஆர்ஓ தண்ணீரேதான். ஆனால் முதல் நாள் இரவே அதைச் செப்புக் குடத்தில் பிடித்து வைத்து, விடிந்ததும் அதிலிருந்து ஊற்றியிருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கும் குடம். பாட்டி காலத்தில் எங்கள் ஊரிலேயே செய்தது. "உனக்குக் கொடுக்கிற தண்ணீரைத்தானே அதுக்கும் கொடுத்தேன்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அலையாத்தி | இரவு 8:32
அம்மா மேல் ஒரு தவறும் இல்லை. வீட்டிலேயே நல்ல தண்ணீர் எதுவோ அதை ஊற்றியிருக்கிறார். நமக்கு அந்த அளவு செம்பு ஒன்றும் செய்யாது. ஆர்ஓ தண்ணீரில் தாது குறைவு, சற்றுப் புளிப்பாகவும் இருக்கும். அதனால் இரவு முழுக்கக் குடத்தில் நின்றால் செம்பைக் கரைத்துக்கொள்ளும். அப்புறம், தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். செம்பு உள்ளேயே நிற்கும், மறுநாள் அதன் மேல் இன்னொரு ஐந்து லிட்டர் செம்புத் தண்ணீர். 11 நாள் என்றால் ஐம்பது லிட்டருக்குப் பக்கம் போயிருக்கிறது.

இன்று இரவே 40 லிட்டர் மாற்றுங்கள். உப்பும் வெப்பமும் ஒத்துப்போக வேண்டும், பிளாஸ்டிக் டிரம்மில் மட்டும் கலக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே அளவு, நான்கு முறை. கார்பனோடு பாலி ஃபில்டர் அட்டை ஒன்று வையுங்கள், செம்பைப் பிடித்தால் நீலமாக மாறும். செம்பு டெஸ்ட் கிட் 0 காட்டினால் நம்பிவிடாதீர்கள், நத்தைக்கு ஆபத்தான அளவு பல கிட்களில் நிறமே காட்டாது. கல்லும் மணலும் கொஞ்சம் செம்பைப் பிடித்து வைத்துப் பின்னால் விடும், அதனால் இரண்டு மாதத்துக்குப் புது இறால் வேண்டாம். உயிரோடு இருக்கும் நத்தைகளைப் புது உப்புநீரில் ஒரு வாளியில் காற்றுக்கல் போட்டு இப்போதே மாற்றுங்கள்.

நாகை_நீலம் | இரவு 9:10
குடம் என்று முதலிலேயே எழுதியிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். ரிஃப்ராக்டோமீட்டர் இன்னும் வாங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

குடந்தை_குமிழி | ஞாயிறு காலை 7:02
மூன்று முறை மாற்றிவிட்டேன். அட்டை ஓரத்தில் நீலம் ஏறியிருக்கிறது. நத்தைகளில் மூன்று போய்விட்டன, வாளியில் வைத்த மூன்றும் ஊர்கின்றன. ஜோவாந்திட் ஒரு பக்கம் மட்டும் விரிந்திருக்கிறது. தொட்டிக்கென்று பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் கேன் ஒன்று அம்மாவே எடுத்து வைத்திருக்கிறார். எல்லோருக்கும் நன்றி, நாகை சாருக்கும். பிறகு எழுதுகிறேன்.

வடவாறு | ஞாயிறு இரவு 10:48
இதைப் படித்ததும் எங்கள் வீட்டு ஆர்ஓவைத் திறந்து பார்த்தேன். கடைசியில் 'காப்பர்' என்று எழுதிய சிறு குழாய் ஒன்று இருக்கிறது, போன சர்வீஸில் மாட்டியது. நான்கு மாதமாக என் தொட்டியில் நத்தை நிற்கவே இல்லை. இதுவும் அதே கதைதானா?

அலையாத்தி | ஞாயிறு இரவு 11:15
அதேதான் என்று நினைக்கிறேன். குடிக்கும் குழாயில் பிடிக்காதீர்கள். மெம்பரேனுக்கு அடுத்து, அந்தக் காப்பர் குழாய்க்கு முன்னால் ஒரு 'டீ' வடிவ இணைப்பு போட்டுத் தனியாக ஒரு குழாய் இழுங்கள். இழுத்துவிட்டு டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு காட்டுகிறது என்று இங்கேயே எழுதுங்கள். தொட்டி எத்தனை லிட்டர்?